ஏழாவது கேள்வி எப்படி வந்தது

நம் நஞ்சு சிகிச்சை ஆய்வுப் பிரிவில், நோயாளி உள்ளே வந்தவுடன் நிரப்புகிற தாளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஏழாவது கேள்வி இது: ‘கதவுக்கு வெளியே நிற்பவர் யார்? அவரோடு தனியாகப் பேசினீர்களா?’ மற்ற கேள்விகள் எல்லாம் மருத்துவம், இது மட்டும் வாட்ச்மேனுக்கு எழுதினதுபோல இருக்கிறது என்று உங்களில் யாரோ சொன்னதாக என் காதுக்கு வந்தது. கோபம் வரவில்லை, சிரித்தேன். பிறகு அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. அந்தக் கேள்வியை எழுதியவள் நான். ஏன் எழுதினேன் என்று இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்றபின் கோவையில் கணபதிப் பகுதியில் இருக்கிறேன். வீட்டுக்கு இரண்டு பக்கமும் லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மிஷின் ஓடாது, மண்டைக்குள் நினைத்தது நினைத்தபடி இருக்கும். அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். மருந்தளவு, ஆய்வு முறை எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பேசி உங்களைக் கொட்டாவி விட வைக்க மாட்டேன். ஒரு மனிதரையும் அவருடைய மனைவியையும் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அதற்குமுன் எங்கள் பிரிவின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். நான் சேர்ந்த புதிதில் சொந்தக்காரர்கள் வெறுங்கையோடு வருவார்கள். என்ன மருந்து என்று கேட்டால், “தோட்டத்து மருந்துங்க” என்பார்கள். அது என்னவென்று ஊகிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் ஆரம்ப சுகாதார நிலையம், ஆம்புலன்ஸ் டிரைவர், உரக்கடைக்காரர் என்று ஒருவரையும் விடாமல் போய்ச் சொன்னோம்: எதுவாக இருந்தாலும் பாட்டிலைக் கொண்டுவாருங்கள். சொன்னது பலித்தது. ஈரோட்டுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, எந்தப் பாட்டில் என்று தெரியாத பயத்தில், கொட்டகையில் இருந்த அத்தனையையும் சாக்கில் கட்டித் தூக்கி வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் சைக்கிள் ஆயிலும் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயும்கூட இருந்தன. அந்த நோயாளி பிழைத்து எழுந்தபின் அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். இப்படிச் சிரித்துச் சிரித்தே எங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. பாட்டில் வந்துவிட்டால் உண்மையும் வந்துவிட்டது என்று நினைக்க ஆரம்பித்துவிட்டோம்.

மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கிற பருவம். உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து மாரியப்பனைக் காரில் கொண்டுவந்தார்கள். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். உடம்பெல்லாம் மருந்து வாடை, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கண்மணி சுருங்கிப்போயிருந்தது, வாந்தி நிற்கவில்லை. தூக்கி வந்தவர் அவர் வேலை செய்கிற தோட்டத்தின் சொந்தக்காரர். வெள்ளைச் சட்டை முழுக்க வாந்தி. அதைத் துடைக்கக்கூட இல்லை. பாலிதீன் பையில் சுற்றிய பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

“எங்க தோட்டத்துல இருக்கறவனுங்க டாக்டரம்மா. மூஞ்சிக்குத் துணி கட்டாம, காத்துக்கு எதிர்த்தாப்பல நின்னு மருந்தடிச்சுப்போட்டானுங்க. அப்படியே சுருண்டு உழுந்துட்டான். இதானுங்க பாட்டிலு. எப்படியாவது காப்பாத்திக் குடுத்துருங்க.”

பாட்டிலில் இருந்தது பூச்சிமருந்து. வாடை பொருந்தியது, கண்மணி பொருந்தியது. அப்போது நாங்கள் நடத்திக்கொண்டிருந்த ஆய்வு அதே வகை மருந்துக்குத்தான். வழக்கமான முறிவு மருந்தோடு இன்னொன்றையும் சேர்த்தால், வென்டிலேட்டர் வரை போகாமல் காப்பாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சீக்கிரம் சேர்த்தால்தான் பலன் தெரியும். எனக்கு அவசரம். அது நோயாளிக்கான அவசரம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பாதி என் ஆய்வுக்கான அவசரம் என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது.

“சம்மதத்துக்குக் கையெழுத்துப் போடணும். கூட வந்தது யாருங்க?” என்றேன்.

“நாந்தானுங்க. எல்லாத்துக்கும் நாந்தான். எங்க போடோணும் சொல்லுங்க.”

போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் ‘தோட்ட உரிமையாளர்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினார். அது உறவுமுறையா என்று நான் கேட்கவில்லை. நம் பக்கத்தில் வேலையாளுக்காகத் தோட்டத்துக்காரர் பேசுவதும், மில்லில் இருப்பவருக்காக சூப்பர்வைசர் பேசுவதும் நாம் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த வழக்கம். கண்ணுக்கு உறுத்தாது. எனக்கும் உறுத்தவில்லை.

வார்டுக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தார். கதவு நிலையை ஒரு கையால் பிடித்திருந்தார். இன்னொரு கையில் பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிய ஒயர் கூடை. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவே இல்லை என்றால் அது வேறு கதை. பார்த்தேன். மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். நினைத்துவிட்டு ஆக்சிஜன் வைக்கச் சொன்னேன். பூச்சிமருந்து என்றால் அது சரியான முடிவுதான்.

மத்தியானம் வராந்தாவில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்தார். பெயர் மயிலாத்தாள்.

“ஏனுங் டாக்டரம்மா, ஒன்னு சொல்லோணுங்க.”

“சொல்லு அம்மணி.” நான் நிற்கவில்லை.

“எங்கூட்டுக்காரரு வாந்தி எடுத்தாருங்கல்ல. அது பச்சையா இருந்துச்சுங்க.”

“அது பித்தம். வெறும் வயித்தோட எடுத்தா அப்படித்தான் வரும். பயப்படாதே, புருஷன் நல்லாயிருவாரு.”

“அப்படீங்களா.”

அவர் கை கூடைக்குள் இருந்தது. வராந்தாக் கோடியில் தோட்டத்துக்காரர் போன் பேசிக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். ஊருக்குப் போய்வர அவரிடம் உத்தரவு கேட்கிறாராக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு நடந்தேன். அவர் வாய்திறந்து சொன்ன ஒரே ஒரு மருத்துவக் குறிப்பு அது. அதை எழுத எங்கள் தாளில் இடமும் இல்லை, நான் எழுதவும் இல்லை.

மறுநாள் மாரியப்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நல்ல பேச்சுக்காரர். நர்சுகளை எல்லாம் “தங்கச்சி” என்று கூப்பிட்டு, ஆஸ்பத்திரி சட்னி ஏன் இப்படி இருக்கிறது என்று விசாரணை வைத்தார். ஆனால் சாப்பிடவில்லை.

“வாயெல்லாம் எரியுதுங்க டாக்டரம்மா. தண்ணி முழுங்கினாக்கூட தொண்டையில நெருப்புப் போகுதுங்க.”

நாங்கள் கொடுக்கிற மருந்து வாயை வறட்டும், வயிற்றைக் கழுவ டியூப் போட்டது வேறு உரசியிருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு காரணம் தயார் செய்தேன். மூன்றாம் நாள் சிறுநீரகச் சோதனை அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. வெயிலில் வேலை செய்தவர், வாந்தி வேறு, உடம்பில் நீர் குறைந்திருக்கும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் என் ஆய்வின் செல்லப்பிள்ளை, வென்டிலேட்டர் இல்லாமல் எழுந்து உட்கார்ந்தவர். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதைவிட, அவர் நன்றாக இருப்பதாக நான் நம்ப வேண்டும் என்பது எனக்கு முக்கியமாகிவிட்டது. நான்காம் நாள் அவர் கும்பிட்டு விடைபெற்று நடந்தே வெளியே போனார். அன்று பிரிவில் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்து நாள் கழித்து, காலை வேளையில் திரும்பி வந்தார். இந்த முறை கார் இல்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் மனைவியின் தோளில் சாய்ந்து வந்திருக்கிறார். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கியது. உதடு முழுக்கப் புண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்தேன், நுரையீரல் இரண்டும் வெளுத்துக் கிடந்தன. பூச்சிமருந்து ஒன்பது நாள் கழித்து நுரையீரலை இப்படிச் செய்யாது. அப்போதுதான், முதல் முறையாக, மயிலாத்தாளை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு அம்மணி? மறைக்காமச் சொல்லு.”

அவர் ஒயர் கூடைக்குள் கைவிட்டு, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கலர் சோடா வருகிற பிளாஸ்டிக் பாட்டில். அடியில் கரும்பச்சையாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அது களைக்கொல்லி. முறிவு மருந்து இல்லாத வகை. அதைச் செய்கிறவர்கள் அடையாளத்துக்காகச் சாயம் கலப்பார்கள். வாந்தியில் வந்த பச்சை அந்தச் சாயம்தான்.

“மோட்டார் ரூம்ல இருந்துச்சுங்க. கலர்னு நெனைச்சு தாகத்துக்கு எடுத்து வாயில ஊத்திப்போட்டாருங்க. உடனே துப்பிட்டாரு, கொஞ்சம் உள்ள எறங்கிருச்சுங்க. மருந்தடிச்சு அலுத்துப்போயி வந்திருந்தாரு, அதுலயே மயக்கமும் வந்துருச்சுங்க. துப்பிட்டமே, ஒன்னும் ஆகாதுன்னு அவரும் உங்ககிட்டச் சொல்லாம உட்டுட்டாருங்க.”

“இந்தப் பாட்டிலை எப்ப எடுத்து வெச்சே?”

“அன்னைக்கேதானுங்க. பாட்டிலு கொண்டாரோணும்னு நர்சம்மா எங்கூருக்கு வந்தப்ப சொல்லியிருக்காங்கல்லங்க. அதான் கூடையில போட்டுட்டு வந்தேன்.”

“இங்கயா? அன்னைக்கா?”

“ஆமாங்க. நான் கதவுகிட்ட நின்னப்ப கூடைக்குள்ளதானுங்க இருந்துச்சு. எங்க தோட்டத்துப் பண்ணாடி பேசிட்டு இருந்தாருங்க. அவரு வேற பாட்டிலைக் குடுத்துட்டாரு. அவரு பேசறப்ப நான் எப்படிங்க குறுக்க பேசறது? அப்பறம் மனசு கேக்காம உங்ககிட்ட வந்து, பச்சையா வாந்தி எடுத்தாருன்னு சொன்னேனுங்க. நீங்க பித்தம்னீங்க.” குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் சொன்னார்: “நீங்க அப்படிச் சொன்னதும்தானுங்க எனக்கு உசுரே வந்துச்சு.”

நாங்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதை ஒருவர் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். பாட்டில் வந்திருக்கிறது. என்னிடமிருந்து நாலு அடி தூரத்தில் இருந்திருக்கிறது. சிறுநீரில் ஒரு பொடியைப் போட்டுப் பார்க்கிற சோதனை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும், ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை.

மாரியப்பன் மூன்று நாள் இருந்தார். இந்த விஷத்தில் ஆக்சிஜனே எதிரி, அது நுரையீரலின் நாசத்தைத் தூண்டிவிடும். அதனால் கடைசி வரை தள்ளிப்போட வேண்டும். முதல் நாளே காரணமில்லாமல் அதைத் தாராளமாகக் கொடுத்தவள், இப்போது மூச்சுக்குத் தவிக்கிற மனிதருக்குக் கொடுக்காமல் நின்றேன். மயிலாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சமே கொஞ்சம் காத்து வெச்சு உடுங்க டாக்டரம்மா. அன்னைக்கு வெச்சீங்கல்லங்க, நல்லாத்தானே இருந்தாரு.”

இரண்டாம் நாள் இனி நுரையீரலில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தபின், கூட இருந்த டாக்டர்கள் தயங்கினாலும், மாஸ்க்கை நானே வைத்தேன். அவர் தவிப்பாவது குறையட்டும் என்று. மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில், போய்விட்டார். நான் அழுதேன். டாக்டர் அழக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் சொன்னதை மறந்துவிடுங்கள்.

தோட்டத்துக்காரர் உடலை வாங்க வந்தார். மிஞ்சிய களைக்கொல்லியைக் கலர் பாட்டிலில் ஊற்றி மோட்டார் ரூமில் வைத்தது அவர்தான். “போலீஸ் கேசாயிருமோன்னு பயந்துபோட்டேனுங்க. மருந்தடிச்சதுலதான் மயக்கம்னு நானே என்னைய நம்ப வெச்சுக்கிட்டேன்” என்று சுவரில் தலையை முட்டி அழுதார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் தன்னை நம்ப வைத்துக்கொண்டார், நான் என்னை நம்ப வைத்துக்கொண்டேன். காவல் நிலையத்துக்கு இரண்டையும் எழுதிக் கொடுத்தேன், அவர் சொன்னதையும் நான் கேட்காமல் விட்டதையும்.

அடுத்து ஆய்வுக் கூட்டம். எங்கள் கணக்கில் ஒருவர் வென்டிலேட்டர் இல்லாமல் வீட்டுக்கு நடந்து போனால் அது வெற்றி. மாரியப்பன் நடந்துதான் போனார். “விதிப்படி அவர் வெற்றிதானே, அதற்கப்புறம் நடந்தது வேறு விஷம்” என்றார் கூட இருந்த ஒருவர். கெட்டவர் இல்லை. இத்தனை வருஷ உழைப்பு வீணாகிவிடுமே என்ற கவலை அவருக்கு. மாரியப்பனின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உறவுமுறை என்ற இடத்தில் முதலாளி, மேஸ்திரி, சூப்பர்வைசர், ஊர்ப் பிரமுகர். மனைவி, அம்மா என்று இருந்தவை கொஞ்சமே. என்ன விஷம் என்று எங்களுக்குச் சொன்னவர்களில் பலர் அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்களே இல்லை. இதை அப்படியே எழுதித்தான் ஆய்வை வெளியிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். எழுதினோம். அதன் பளபளப்பெல்லாம் போய்விட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இல்லை என்று பெரிய மனுஷிபோலச் சொல்ல மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து உடுமலைக்கு பஸ் ஏறினேன். மயிலாத்தாளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று. தென்னந்தோப்பைத் தாண்டி, தகரம் வேய்ந்த வீடு. என்னைப் பார்த்ததும் பதறி, பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து போட்டார். வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. அது பித்தம் இல்லை. அன்றைக்கு ஆக்சிஜன் வைத்ததும் தப்பு. உன்னைக் கூப்பிட்டுக் கேட்காதது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு.

அவர் குனிந்து தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“ஊட்டுக்கு வந்த அன்னைக்குக் கோழி அடிச்சு ஆக்கினேனுங்க” என்றார். “வாய்ப்புண்ணுன்னு காரமே போடலீங்க. அப்பவும் அவருக்குத் திங்க முடியலீங்க. நீ தின்னு, நான் பாக்கறேன்னாரு.”

பிறகு நிமிர்ந்தார்.

“ஏனுங் டாக்டரம்மா, ஒன்னு கேக்கட்டுங்களா? யாருகிட்டயும் கேக்க முடியலீங்க. அன்னைக்கு நான் கூடையத் தொறந்து காட்டியிருந்தேன்னா, அவரு பொழைச்சிருப்பாருங்களா?”

நான் என் பாவத்தை இறக்கிவைக்க அத்தனை தூரம் வந்திருக்கிறேன். அவர் ஒரு மாதமாக அதைத் தன்னுடையதாகச் சுமந்துகொண்டிருக்கிறார்.

உண்மையான பதில் உங்களுக்குத் தெரியும். கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தால், செய்வதைச் செய்து, செய்யக் கூடாததைச் செய்யாமல் இருந்திருந்தால், ஒருவேளை பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். தெரியாது. ஆய்வுக்காரியாக அத்தனை வருஷமும் தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறேன். ஒரு தாளிலும் பொய் எழுதியதில்லை.

“இல்ல கண்ணு,” என்றேன். “காட்டியிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாரு.”

“சரிங்க” என்றார். எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார், கையில் அந்த ஒயர் கூடையோடு. எனக்காக நாலு தேங்காய் போட்டு வைத்திருந்தார்.

கோவைக்கு வந்து அன்று மாலையே அந்தத் தாளில் ஏழாவது கேள்வியைச் சேர்த்தேன். உங்களுக்கு அது வேடிக்கையாகத் தெரிந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சிரித்துவிட்டு எழுந்து கதவு வரைக்கும் போங்கள். அங்கே நிற்கிறவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கையில் கூடை இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.